6,800 ரூபாய்க்கு ஒரு ஆமை பிளேன்: பீ.ஈ.2சி மொடல் கிட் ரிவியூ

முதல்லயே சொல்லிடுறன், ஷோகேஸ்ல வைக்க வடிவா ஒரு ஜெட் தேடுற ஆக்கள் இதோட நேரத்த வீணாக்காதீங்கோ. இது 1/72 அளவில ஒரு பீ.ஈ.2சி, முதலாம் உலக யுத்தத்தில இங்கிலீஸ்காரன் பறந்த ரெண்டு தட்டுச் செட்டை பிளேன். அசல் பிளேனே மணிக்கு 115 கிலோமீற்றர் சொச்சம் தான் ஓடுமாம், எங்கட கட்டுநாயக்க ஹைவேயில எயார்போட் வான்காரர் அத ஓவர்டேக் பண்ணிட்டுப் போவினம். ஆனா மூண்டு கிழமையா ஒட்டி முடிச்சிட்டுச் சொல்றன், நான் இதுக்கு முதல் ஒட்டின ஏழெட்டு கிட்ல ஒண்டு கூட இவ்வளவு யோசிக்க வைக்கேல்ல.

வாங்கினது புறக்கோட்டையில. விளையாட்டுச் சாமான் கடை ஒண்டு, மாடிப்படிக்குக் கீழ ஒரு கண்ணாடி அலுமாரி, அதுக்குள்ள தான் கிட் பெட்டியள். அக்கான்ர மோனுக்கு ஸ்கூல் லீவு, ஒரே போன், அதால ஏதாவது கையால செய்ய வைப்பம் எண்டு கூட்டிக்கொண்டு போனனான். அவன் ஜெட்ட காட்டுறான், விலையப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. கடை நானா தான் அடியில இருந்து தூசி தட்டி இத எடுத்துப் போட்டவர். "இது ரெண்டு வருஷமா கெடக்குது தம்பி, எல்லாரும் ஜெட் தான் கேட்டு வாராங்க, எடுக்கிறதெண்டா கொறச்சித் தாரன்" எண்டார். 7,500 ஒட்டியிருந்தது, 6,800க்குத் தந்தார். கொம்பனின்ர பேர நான் போடேல்ல, கொஞ்சம் ஏசப்போறன், அதால வேண்டாம்.

ஏச்ச முதல் முடிச்சிடுவம். கம் இல்ல, பெயின்ட் இல்ல, பெட்டியில அது சின்ன எழுத்தில தான் கிடக்கு. கீழ்ச் செட்டை ஒண்டு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு வந்தது, சுடுதண்ணிக்குள்ள பிடிச்சு நிமித்தினம். ரெண்டு செட்டைக்கும் நடுவில வாற குச்சியள்ல ஒண்டு பிரேமோடயே முறிஞ்சு கிடந்தது. அதுக்கு மேல, அசல் பிளேன் முழுக்க கம்பி, செட்டையில இருந்து செட்டைக்கு, வாலுக்கு, சில்லுக்கு எண்டு குறுக்கும் மறுக்கும் ஓடும், கிட்ல ஒரு நூல் துண்டு கூடத் தரேல்ல, படத்தில கோடு மட்டும் கீறி விட்டிருக்கிறாங்கள். வெள்ளவத்தை ஹார்ட்வெயார்ல தங்கூசி வாங்கிக் கட்டிப் பாத்தன், மொத்தமா உடுப்புக் காயப்போடுற கொடி மாதிரி இருந்தது. கடைசியா மிச்சப் பிரேம் பிளாஸ்டிக்க மெழுகுதிரியில காட்டி மெல்ல இழுத்தா தலைமயிர் மாதிரி நூல் வரும், அதத் தான் துண்டு துண்டா வெட்டி ஒட்டினது. நாலு பின்னேரம் அதுக்கே போட்டுது. கண் போட்டுது எண்டும் சொல்லலாம்.

இனி விசயத்துக்கு வாறன். முதல் வேலை உள்ளுக்குச் சீட் வைக்கிறது. ரெண்டு குழி இருக்கு, முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. பெடியன் பைலட்ட எடுத்து முன் குழிக்குள்ள வச்சு கம்மும் பூசிட்டான், நானும் கவனிக்கேல்ல. பிறகு பேப்பரப் பாத்தா ஓட்டுறவர் பின்னுக்கு! முன்னுக்கு இருக்கிறவர் சும்மா பாக்கிற ஆள், அப்சேர்வர். "மாமா, இது பிழையா கீறியிருக்கிறாங்கள், பாக்கிறவருக்கு மேல செட்டை, ரெண்டு பக்கமும் குச்சி, முன்னுக்கு காத்தாடி, அவர் எங்கால சுடுறது?" எண்டு கேட்டான். சுடுறதுக்கு அந்த ஆள வைக்கேல்ல எண்டது தான் பதில். பாக்கிறதுக்கும் குறிப்பெழுதுறதுக்கும் வச்ச ஆள். அவர ஏத்தினாலும் ஏத்தாட்டியும் பிளேன் நிறை சரிஞ்சு போகாம இருக்க, சரியா பாரம் நிக்கிற நடு இடத்தில அவற்ற சீட்ட வச்சிட்டாங்கள். ஓட்டுறவர் எப்பவும் இருப்பார் தானே, அவர் பின்னுக்கு.

இந்த ஒரு சீட் தான் எனக்கு முழுக் கதையையும் காட்டினது. ஆமிக்காரங்கள் பிளேன ஆயுதம் எண்டு வாங்கேல்ல, கண்ணெண்டு தான் வாங்கினவங்கள். அமெரிக்கா ரைட் சகோதரங்களிட்ட பிளேன் வாங்கினது எந்தப் பிரிவு தெரியுமோ, பீரங்கிக்காரரும் இல்ல குதிரைப்படையும் இல்ல, செய்தி அனுப்பிற சிக்னல் கோர். ரெண்டு பேர் இருக்கோணும், மணிக்கு 40 மைல் ஓடோணும், 125 மைல் தூரம் போகக்கூடியதா இருக்கோணும் எண்டு கேட்டவை, துவக்கு எண்ட சொல்லே இல்ல. 1908 செப்டம்பர்ல ஓர்வில் ரைட் காட்டிப் பறக்கேக்க காத்தாடி உடைஞ்சு விழுந்து, கூட இருந்த லெப்டினன்ட் செல்பிரிட்ஜ் செத்துப் போனார், பிளேன் விழுந்து செத்த முதல் ஆள் அவர் தான். அப்பிடியும் விடேல்ல, அடுத்த வருசம் திரும்ப வந்து பறந்து காட்டி, சொன்னத விட வேகமா ஓடினதால போனஸோட 30,000 டொலர் வாங்கினவை.

யுத்தத்துக்கு முதல் முதல் கொண்டு போனது இத்தாலிக்காரர், 1911ல லிபியாவில துருக்கியரோட. அதில திகதிகளப் பாருங்கோ. ஒக்டோபர் 23ந் திகதி கப்டன் பியாட்சா பறந்துபோய் எதிரி எங்க நிக்கிறான் எண்டு பாத்திட்டு வாறார். நவம்பர் 1ந் திகதி கவோட்டி எண்ட லெப்டினன்ட் கைக்குண்டு மாதிரி நாலு சின்னக் குண்டக் கொண்டுபோய், ஒரு கையால பிளேன ஓட்டிக்கொண்டு மற்றக் கையால வெளியால எறியிறார். பாக்கிறதுக்கும் போடுறதுக்கும் இடையில ஒம்பது நாள். வன்னியில இருந்து வந்த ஆக்களுக்கு இத நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. முதல் வண்டு, அதான் ஆளில்லாத வேவு பிளேன், வந்து சுத்தும், அந்தச் சத்தம் கேட்டாலே சனம் பங்கருக்குக் கிட்ட போயிடும், பிறகு தான் குண்டு போடுற கிபிர் ஜெட். அந்த ஒழுங்கு 1911லயே வந்திட்டுது. சரி, இது ரிவியூ, இதோட விடுறன்.

1914 ஓகஸ்ட்ல இங்கிலீஸ்காரர் கிட்டத்தட்ட 60 பிளேனோட பிரான்ஸுக்குப் போனவை. முதல்ல போய் இறங்கினதும் இந்தக் குடும்பம் தான், பீ.ஈ.2ஏ. போன கிழமையே வேவு பாக்க ரெண்டு பேர அனுப்பினா ரெண்டு பேரும் வழி மாறிப் போட்டினம்! ஒருத்தர் கீழ இறங்கி வழி கேட்டுத் தான் திரும்பி வந்தவர், மற்றவர் ஒரு பெரிய டவுனுக்கு மேல பறந்திருக்கிறார், அது என்ன டவுன் எண்டு தெரியேல்ல, பாத்தா அது பிரசல்ஸ், ஒரு நாட்டின்ர தலைநகரம். பெடியன் விழுந்து விழுந்து சிரிச்சான், கூகுள் மப் இல்லாம கொட்டாஞ்சேனையில இருந்து தெஹிவளைக்கு வரத் தெரியாதவன் சிரிக்கிறான். ஆனா ரெண்டு கிழமைக்குள்ள படிச்சிட்டினம். செப்டம்பர் தொடக்கத்தில ஜெர்மன் ஜெனரல் வொன் குளுக் பாரிஸ் நகரத்துக்கு நேர வராம கிழக்குப் பக்கமாத் திரும்பினத மேல இருந்து தான் கண்டவை, அதால தான் மார்ன் ஆத்தங்கரையில திருப்பி அடிக்க ஏலுமாப் போனது. குதிரையில போய்ப் பாக்கிற ஆக்கள் அத நேரத்துக்குக் கொண்டுவந்து சொல்லியிருக்க மாட்டினம்.

பீ.ஈ.2சி எண்டது இந்தக் கண் வேலைக்காகவே திருத்தின பிளேன். எட்வர்ட் பஸ்க் எண்டொரு எஞ்சினியர், காத்தில தள்ளினாலும் தானாவே நேரா வாற மாதிரி அத மாத்தினவர். பைலட் கைய விட்டாலும் அது தன்ர பாட்டில போகும், அவரும் கீழ பாத்து மப்ல குறிக்கலாம். மனுசன் 1914 நவம்பர்ல இதே மாதிரிப் பிளேன் ஒண்டு வானத்திலயே நெருப்புப் பிடிச்சு செத்துப்போனார். கிட்ல மேல் செட்டையும் கீழ் செட்டையும் நுனியில கொஞ்சம் மேல தூக்கி, மேல் செட்டை கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி இருக்கும், அத அப்பிடியே வரச் செய்திருக்கிறாங்கள், இதுக்கு மட்டும் கொம்பனிக்கு ஒரு சபாஷ். அளவா வெட்டின ஒரு மட்டை இருந்தா பிடிச்சுக்கொண்டு ஒட்டுங்கோ, இல்லாட்டி செட்டை கோணும்.

கிட்ல ஒரு சின்னக் கமரா வருது, அரிசி மணியளவு, பைலட்டின்ர பக்கத்தால வெளியில ஒட்டோணும். விழுந்தா நிலத்தில தேடாதீங்கோ, கிடைக்காது, நான் ஒண்டத் துலைச்சிட்டு கட்டைத் துண்டில சீவித் தான் ஒட்டினனான். கண்ணாடித் தட்டில படம் எடுக்கிற கமரா அது. 1915 மார்ச்ல நெவ் ஷப்பேல் எண்ட இடத்தில அடிக்க முதல் ஜெர்மன்காரன்ர பதுங்குகுழி எல்லாத்தையும் இப்பிடிப் படம் எடுத்து, அதப் பாத்து மப் கீறி ஆமிக்குக் குடுத்தவை.

வயர்லெஸ் தான் கிட்ல இல்ல, அது எனக்குப் பெரிய கவலை, ஏனெண்டா இந்தப் பிளேன் கூடச் செய்த வேலையே ஆட்லறிக்கு ஷெல் எங்க விழுகுது எண்டு சொல்றது தான். எப்பிடிச் சொல்லுவினம் எண்டா, இலக்க நடுவில வச்சு மணிக்கூடு மாதிரி ஒரு வட்டம், 12 மணி எண்டா வடக்கு, பிறகு தூரத்துக்கு ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு எழுத்து. ஒரு எழுத்து, ஒரு இலக்கம், மோர்ஸ்ல தட்டி விட்டாச் சரி, கீழ பீரங்கிக்காரனுக்கு ஷெல் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி விழுந்தது எண்டு விளங்கிடும். மேல இருந்து அனுப்ப மட்டும் தான் ஏலும், கேக்க ஏலாது, கீழ ஆக்கள் நிலத்தில துணி விரிச்சுப் பதில் சொல்லுவினம். அன்டெனா எண்டது பிளேனுக்குக் கீழ தொங்கிற நீளக் கம்பி, நுனியில ஈயக் குண்டு. நான் அதையும் பிளாஸ்டிக் நூல்ல செய்து தொங்கவிட்டன், அக்கா தூசி தட்டேக்க அறுத்துப் போட்டா.

இப்ப துவக்கு. கிட்ல ஒரு லூயிஸ் கன் எண்ட மெசின் கன் வருது, எங்க ஒட்டுறது எண்டு பேப்பர்லயே ரெண்டு மூண்டு இடம் காட்டியிருக்கு, முதல்ல அச்சுப் பிழை எண்டு தான் நினைச்சன். உண்மையில அப்பிடித் தானாம். முன்னால சுட்டா காத்தாடி, மேல சுட்டா செட்டை, அதால குழியச் சுத்தி அங்க இஞ்ச தாங்கி பூட்டி வச்சு, எதிரி எந்தப் பக்கம் வாறானோ அந்தப் பக்கம் துவக்கத் தூக்கி மாத்தோணும், பின்னுக்கு வந்தா பைலட்டின்ர தலைக்கு மேலால சுடோணும். பறக்கிற பிளேன்ல, கையுறையோட, எதிர்க்காத்தில! கலியாண வீட்டில பிறகு வந்த சொந்தக்காரருக்கு சமையலறைக்குள்ள பாய் விரிக்கிற மாதிரித் தான் இந்தத் துவக்குக்கு இடம் தேடியிருக்கிறாங்கள்.

அங்கால பிரெஞ்சுக்காரன் ரோலன் காரோ, காத்தாடியில படுற குண்டு தெறிச்சுப் போக இரும்புத் தகடு பூட்டி, 1915 ஏப்ரல்ல முன்னுக்கு நேர சுடத் தொடங்கினார். மூண்டு கிழமை கூட இல்ல, எதிரின்ர பக்கம் இறங்க வேண்டி வந்து பிடிபட்டுப் போனார். அந்தப் பக்கம் ஜெர்மன்காரனுக்குப் பிளேன் செய்து குடுத்த அன்டனி பொக்கரின்ர ஆக்கள் காத்தாடி விலகிற நேரம் மட்டும் துவக்கு வெடிக்கிற மாதிரி பொறி செய்து தங்கட ஒத்தைச் செட்டை பிளேன்ல பூட்டிட்டினம். ஓகஸ்ட் 1ந் திகதி ஜெர்மன் பைலட் இம்மெல்மன் அதில போய் முதல் விழுத்தினது எத எண்டு நினைக்கிறீங்கள், எங்கட பீ.ஈ.2சி தான். அத ஓட்டினவர் தனிய வந்தவர், குண்டு ஏத்தினா அப்சேர்வர ஏத்த ஏலாது, எஞ்சின் 90 குதிரை வலு, இழுக்காது. அதால கண்ணையும் துவக்கையும் வீட்ட விட்டிட்டு குண்டோட வந்திருக்கிறார். கையில காயம், ஒரு மாதிரி இறக்கிட்டார், இம்மெல்மனும் பக்கத்தில இறங்கி அவரப் பிடிச்சுக்கொண்டு போனவர். நேரா நிக்கிறதுக்கெண்டே செய்த பிளேன் வெட்டித் திரும்பி ஓடுமோ? பிறகு இதுக்கு பொக்கருக்குத் தீனி எண்டே பேர் வந்திட்டுது. அப்பிடியும் இங்கிலீஸ்காரர் கெதியா மாத்தேல்ல, 1917 ஏப்ரல்லயும் இந்தக் குடும்பப் பிளேன்கள அனுப்பிக்கொண்டு தான் இருந்தவை, அதுக்கு எனக்கு இப்பவும் கோவம் வருது, நூறு வருசத்துக்கு மேல ஆன விசயத்துக்கு எனக்கென்ன கோவம் எண்டு மனுசி கேக்கிறா.

ஸ்டிக்கர் நல்ல தரம், தண்ணியில ஒரு நிமிசம் போட்டா வழுக்கிக்கொண்டு வரும். கொழும்பு ஈரலிப்புக்கு காய ஒரு இரவு விடுங்கோ, பான் போட்டுக் காய வைக்க வெளிக்கிட்டு நான் ஒண்டச் சுருட்டிப் போட்டன். வட்டத்துக்குள்ள வட்டம், சிவப்பு வெள்ளை நீலம். அது வந்த கதை பெடியனுக்கு நல்லாப் பிடிச்சது. முதல் மாதங்கள்ல சொந்த ஆமியே கீழ இருந்து எந்தப் பிளேனக் கண்டாலும் சுட்டிருக்கிறாங்கள், அதால செட்டைக்குக் கீழ இங்கிலாந்துக் கொடியக் கீறினவை, உயரத்தில பாத்தா அந்தக் கொடிச் சிலுவை ஜெர்மன் சிலுவை மாதிரித் தெரிஞ்சு இன்னும் கூடச் சுட்டிருக்கிறாங்கள். பிறகு தான் பிரெஞ்சுக்காரன்ர வட்டத்தப் பாத்து, நிறத்த உள்ள வெளிய மாத்தி எடுத்தவை.

பெட்டியில இன்னொரு விதமாகவும் செய்யலாம் எண்டு போட்டிருக்கு, முன் குழிய மூடிட்டு இரவுப் பிளேன். அத எடுக்காதது எனக்கு இப்ப மனவருத்தம். நேரா நிக்கிற குணம் இருட்டில பறக்க நல்லது எண்டு கண்டுபிடிச்சு, லண்டனுக்கு குண்டு போட வாற ஜெர்மன் ஆகாயக் கப்பல்களுக்கு, பெரிய பலூன் மாதிரியான சாமானுகளுக்கு, எதிரா இத விட்டவை. 1916 செப்டம்பர் 3 விடியப்புறம் லீப் ரொபின்சன் எண்ட பைலட் இதில போய் ரெண்டு பெட்டி ரவை தீர்ந்து மூண்டாவதில ஒரு ஆகாயக் கப்பல எரிச்சு விழுத்தினார், இங்கிலீஸ்காரன்ர பெரிய வீரப் பதக்கம் விக்டோரியா குரொஸ் கிடைச்சது. பகல்ல தீனியா இருந்தது இரவில வேட்டைக்காரன்.

ஒட்டி முடிச்ச ஞாயிற்றுக்கிழமை பெடியனக் கூட்டிக்கொண்டு ரேஸ்கோர்ஸுக்குப் போனன், அவனுக்கு ஐஸ்கிரீம், எனக்கு அந்த நிலத்தப் பாக்கோணும். 1912 டிசம்பர்ல மார்க் பூர்ப்பும் வெர்மின்க்கும் எண்டு ரெண்டு பிரெஞ்சுக்காரர் பிளேரியோ பிளேன் கொண்டுவந்து பறந்து காட்டினது அங்க தான். சனம் குதிரை ஓடுற இடத்தில பிளேன் பாத்திருக்குது. அதே பூர்ப் ரெண்டு வருசத்தில, 1914 டிசம்பர்ல, வேவுக்குப் போயிட்டு வரேக்க விழுந்து செத்தார், அவற்ற மெக்கானிக் லவ்பெரி அதுக்குப் பிறகு தானும் பைலட்டாகி பெரிய பேர் எடுத்தவர். பிறகு 1942 ஏப்ரல் 5, ஜப்பான்காரன் கொழும்புக்கு குண்டு போட வரேக்க இதே ரேஸ்கோர்ஸ்ல இருந்து ஹரிக்கேன் எண்ட இங்கிலீஸ் சண்டைப் பிளேன்கள் எழும்பினவை, அங்க ரன்வே இருக்கெண்டு ஜப்பான்காரனுக்குத் தெரியாது. அவன் வாறது எப்பிடித் தெரிஞ்சது? முதல் நாள் கொக்கலையில இருந்து கற்றலீனா எண்ட வேவு பிளேன்ல போன பைலட் பேர்ச்சோல் ஜப்பான் கப்பல்களக் கண்டு, சுட்டு விழுத்த முதல் செய்தி அனுப்பிட்டார். திரும்பவும் அந்த முன் குழி வேலை தான். "அப்ப பாக்கிறவர் தான் மாமா முக்கியம்" எண்டான் பெடியன், ஐஸ்கிரீம் கை முழுக்க வழியுது.

வாங்கலாமோ எண்டு கேட்டா, இதுக்கு முதல் ரெண்டு கிட்டாவது ஒட்டின ஆக்கள் வாங்குங்கோ. முதல் கிட்டா எடுத்துக் குடுத்தா பிள்ளை வெறுத்துப் போயிடும், அந்தக் கம்பிக்கும் குச்சிக்கும் பொறுமை வேணும். கம், பெயின்ட், மெல்லிய தூரிகை எல்லாத்துக்கும் இன்னொரு 3,000 ஒதுக்கி வையுங்கோ. வளைஞ்ச செட்டைக்கும் நூல் தராததுக்கும் சேத்து நான் 5க்கு 3 போடுறன், பெடியன் 4 எண்டுறான், பைலட்ட முன் குழியில இருந்து கழட்டேக்க தலை முறிஞ்சது தன்ர பிழையாம், அதுக்கு கிட்டுக்கு மார்க் குறைக்கக் கூடாதாம்.

பொக்கர் ஒத்தைச் செட்டை கிட் ஒண்டு அடுத்த மாதம் வருதாம் எண்டு நானா சொன்னவர், எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறன். கடை எங்க எண்டு கேக்கிற ஆக்களுக்கு இன்பொக்ஸ்ல சொல்றன், வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் போகாதீங்கோ, ஜும்மாவுக்கு கடை பூட்டு, ரெண்டு மணிக்குப் பிறகு தான் திறப்பார்.